கைக்குள் ஒரு துறைமுகம்

காசிமேட்டுக் கரையில் நின்று தெற்கே நோக்குபவருக்கு முதலில் கண்ணில் படுவது கடல் அன்று. சென்னைத் துறைமுகத்துக் கிரேன்கள்தாம். 1983-ஆம் ஆண்டில் இங்கே கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது முதல் இக்காட்சி வடசென்னைப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன ஒன்று. எண்ணூர் நெடுஞ்சாலையில் பெட்டி லாரிகள் நிற்கும் வரிசையை எண்ணியே இவர்கள் கணக்குப் படித்தார்கள் என்றால் மிகையாகாது. ஆகவே, விளையாட்டுக் கட்டைகளைக் கொட்டி, “எதையாவது கட்டுங்கள்” என்றால், இவர்கள் ராஜாக்களின் கோட்டையைக் கட்டுவதில்லை, கிரேனைத்தான் கட்டுகிறார்கள். கட்டி முடித்ததும் கேட்கும் கேள்வியும் ஒன்றே: “சார், இது ஓடுமா?”

ஓடும். தொலைவிலிருந்து கட்டளையிட்டும் ஓட்டலாம். இது ஒன்றும் நேற்றுப் பிறந்த அதிசயமல்ல. 1898-ஆம் ஆண்டிலேயே நிகோலா டெஸ்லா என்னும் விஞ்ஞானி, நியூயார்க் நகரத்துப் பொருட்காட்சியில் ஒரு சிறு படகைத் தண்ணீரில் விட்டு, கம்பியில்லாமலே திருப்பிக் காட்டினார். டென்மார்க் தேசத்துத் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்தியான்சென் 1932-ல் தொடங்கிய பட்டறையே பின்னர் லெகோ கம்பெனி ஆயிற்று. இன்று நாம் காணும் கட்டைக்கு 1958-ல் உரிமை பதிவாயிற்று. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் மோட்டாரை ஆட்டுவிக்கும் சாமான்களை அக்கம்பெனி 2007-ல் வெளியிட்டது. இப்போது அவற்றைச் செய்வதில்லை. ஆனாலும் பழைய பெட்டிகளிலும், அவற்றின் சாயலில் பிறர் செய்து விற்கும் பெட்டிகளிலும் அம்முறை உயிரோடிருக்கிறது.

அங்கங்கள் நான்கே: பாட்டரிப் பெட்டி, கட்டளையை வாங்கும் பெட்டி, மோட்டார், கையில் பிடிக்கும் ரிமோட். வாங்கும் பெட்டியில் இரண்டு மோட்டார்களைச் செருக இடமுண்டு. ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்ட ஒரு சிறு தள்ளுசாவி அதிலும் இருக்கும், ரிமோட்டிலும் இருக்கும். இரண்டும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். மோட்டார் அசையவில்லையென்றால், ‘கெட்டுப்போயிற்று’ என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

துறைமுகக் கிரேனுக்கு மூன்று அசைவுகள் உண்டு. பெட்டியைத் தூக்கி இறக்குவது ஒன்று. அதைக் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கொண்டுபோவது இரண்டாவது. கிரேன் முழுவதுமே தண்டவாளத்தில் நகர்வது மூன்றாவது. அசைவுக்கு ஒரு மோட்டாராக மூன்று வேண்டும். ஆகவே வாங்கும் பெட்டிகள் இரண்டு. அவற்றுக்கு வெவ்வேறு எண்கள். கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு மோட்டாரையும் தனித்தனியே இணைத்து ஓட்டிப் பார்ப்பது உத்தமம். உள்ளே புதைத்த பிறகு ஒரு கம்பியைத் தேடுவது பல் பிடுங்குவதற்கு ஒப்பான காரியம்.

தூக்கும் மோட்டாரில்தான் சூட்சுமம் இருக்கிறது. நடுத்தர மோட்டார் ஒன்று, பளு ஏதுமில்லாதபோது, நிமிஷத்துக்குச் சுமார் 400 சுற்றுச் சுற்றும். அதன் அச்சிலேயே நூலைச் சுற்றினால் பெட்டி மேலே பாய்ந்து மோதும். மோட்டாரை நிறுத்தினாலோ பளுவின் இழுப்பில் நூல் பிரிந்து கீழே விழும். இதற்குப் பரிகாரம் வார்ம் கியர். திருகாணி போன்ற அந்தத் துண்டு 24 பல் சக்கரத்தோடு சேரும்போது, மோட்டார் 24 முறை சுற்றினால் நூலுருளை ஒரு முறைதான் சுற்றும். வேகம் குறைகிறது, பலம் கூடுகிறது. அதைவிட முக்கியம், திருகாணி சக்கரத்தைத் திருப்பும். சக்கரம் திருகாணியைத் திருப்பமாட்டாது. மோட்டார் நின்றால் பெட்டியும் அந்தரத்தில் அப்படியே நிற்கும். பக்கம் பக்கமாகப் பாடம் நடத்தியும் விளங்காத விஷயம், இந்தப் பெட்டி தொங்கி நிற்பதைப் பார்த்த மாத்திரத்தில் பிள்ளைகளுக்கு விளங்கிவிடுகிறது!

கிரேன் கடற்பக்கம் சாய்ந்து குப்புற விழுகிறதா? பாட்டரிப் பெட்டியைப் பின்பக்கம் வையுங்கள்; ஆறு பாட்டரிகளின் கனம் எதிர்ப்பளுவாக உதவும். மறுபடி மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் பாட்டரிகளானால் ஆறும் சேர்ந்து 9 வோல்டுக்குப் பதில் 7.2 வோல்டுதான் தரும். வேகம் சற்றுக் குறையும். இன்னொன்று, அகச்சிவப்பு முறைக்கு வெயில் ஆகாது. சூரிய ஒளியிலும் அதே ஒளி கலந்திருப்பதால் ரிமோட்டின் குரல் சந்தைக் கூச்சலில் சொன்ன ரகசியம்போல் ஆகிவிடும். ராயபுரத்து மொட்டை மாடியில் பகலில் பிரயோஜனமில்லை, கூடத்தில் ஆடலாம். பின்னர் வந்த ப்ளூடூத் முறை ரேடியோ அலையைக் கொண்டது; அதற்கு இத்தொல்லை இல்லை. ஆனால் கட்டளைக்குப் பெரும்பாலும் அப்பாவின் செல்போன் வேண்டும். அதைப் பெறுவது எந்த வீட்டிலும் எளிதன்று.

இதெல்லாம் வெறும் விளையாட்டா? கேரளத்தின் விழிஞ்சம் துறைமுகத்தில் 2024 டிசம்பரில் வர்த்தகம் தொடங்கியது. அங்கே கிரேனின் உச்சியில் ஆள் ஏறி அமர்ந்து குனிந்து பார்ப்பதில்லை. ஓர் அறையில் திரைக்கு முன் அமர்ந்து இயக்குகிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. இம்முறை நம் துறைமுகங்களுக்கும் வருமானால், அந்த நாற்காலியில் காசிமேட்டுப் பெண் ஒருத்தி அமர வேண்டும் என்பது நம் ஆசை. லிவரைத் தள்ளினால் என்ன நடக்கும் என்பதை அவள் பத்து வயதில் அறிந்திருந்தால் நல்லது.

தடை விலைதான். வெளிநாட்டுப் பொம்மைகளுக்குச் சுங்கவரி 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. சுதேசித் தொழிலுக்கு இது அரண் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அரணுக்குள் இருப்பவர்கள் பலவகை மோட்டார்ப் பெட்டிகளை மலிவாகச் செய்து தரவேண்டுமே! திருவொற்றியூரில் 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதே மெட்ராஸ் ரப்பர் பாக்டரியின் பிறப்பு. அக்கம்பெனியே 1987-ல் ஃபன்ஸ்கூல் என்னும் பொம்மைக் கம்பெனிக்கும் வித்திட்டது. பலூன் ஊதிய ஊருக்கு மோட்டார் எம்மாத்திரம்?

அதுவரை காத்திருக்க மனமில்லாதவர்கள் ரிச்சி தெருவுக்குப் போகலாம். மஞ்சள் நிறக் கூட்டில் கியரோடு அடைத்த சிறு மோட்டார் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. முன்னும் பின்னும் சுற்ற ஆறு கால் கொண்ட சுவிட்சு ஒன்றும், மூன்று முழம் கம்பியும் வாங்கிக்கொண்டால் கம்பி வழி ரிமோட் தயார். அட்டைப் பெட்டியும் ஐஸ் குச்சியும் கிரேனாகும். தூக்குவதற்கு ஒரு தீப்பெட்டியில் மணல் நிரப்பினால் போதும். முதல் நாளே அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.