மஞ்சள் விளக்கும் உப்புக்காற்றும்

திண்டிவனம் தொடங்கிப் புதுச்சேரி வரை சர்வர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. மரக்காணம் பக்கமிருந்து வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "சார், மஞ்ச லைட்டு எரியுது. ஆனா பில்லு அடிக்குது. அவசரமில்ல, இந்தப் பக்கம் வந்தா பாருங்க."

அந்த விளக்கை எரியவிடுவது மதர்போர்டில் இருக்கும் தனிச் சிப். டெல் சர்வரில் ஐடிராக், எச்பியில் ஐலோ என்று பெயர். சர்வரை அணைத்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அது வேலை செய்யும். சூடு, ஃபேன் வேகம், வோல்டேஜ், மெமரிப் பிழை எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துவைக்கும். போனதும் நான் முதலில் படிப்பது அந்தக் குறிப்பைத்தான். எந்தப் பாகத்தில் கோளாறு என்று அதில் இருக்கும். ஏன் என்று இருக்காது.

மெமரி எச்சரிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்வர் மெமரி ஒரு பிட் தவறை ஓசைப்படாமல் தானே திருத்திக்கொள்ளும். திருத்தங்கள் பெருகினால்தான் விளக்கு எரியும். உடனே புது மெமரி வாங்கச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்த மெமரியை, அதாவது ராமைக் கழற்றி, தங்கப்பூச்சு முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பூச்சின் நுண்துளை வழியே அடியிலுள்ள செம்பில் களிம்பு பூத்திருந்தால் பச்சைப் புள்ளிகள் தெரியும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து வேறு ஸ்லாட்டில் போடுவேன். பிழை கூடவே போனால் ராம் கெட்டது. பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் ஸ்லாட் கெட்டது.

இங்கே களிம்புக்குக் காரணம் காற்றில் வரும் உப்பு. சாதாரண உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியும். கடலுப்போடு வரும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். போர்டில் படிந்த தூசியில் இரண்டும் இருக்கும். ஓடுகிற சர்வர் தன் சூட்டிலேயே உலர்ந்து கிடக்கும். கரண்ட் பில்லுக்குப் பயந்து சனி, ஞாயிறு சர்வரையும் ஏசியையும் அணைத்து ஜன்னலைத் திறந்துவைக்கும் ஆபீஸ்களில்தான் எனக்கு வேலை அதிகம். ஃபேன் எச்சரிக்கை வந்தாலும் அந்தப் பிசுபிசுத் தூசியையே முதலில் சந்தேகப்படுவேன்.

ஹார்ட் டிஸ்க் எச்சரிக்கையில் மட்டும் உப்பைத் தேடி நேரத்தைக் கடத்த மாட்டேன். 'பழுதாகப் போகிறது' என்று வந்தால் அன்றே பேக்கப் எடுத்து டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு 5 அமைப்பில் ஒரு டிஸ்க் போனாலும் பில் அடிக்கும். அதை மாற்றுவதற்குள் இரண்டாவதும் போனால் டேட்டா மொத்தமும் போச்சு.

புயலுக்குப் பிறகு கதை வேறு. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் அடித்தபோது கடலூர், புதுச்சேரிப் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. 2020 நவம்பரில் நிவர் மரக்காணத்தை ஒட்டியே கரையேறியது. இப்படிக் கரண்ட் போய்க் குளிர்ந்து கிடக்கும் போர்டில் உப்பு ஈரமாகிவிடும். ஈரத்தோடு கரண்ட் பாய்ந்தால் ஷார்ட் ஆகும். அதனால் கரண்ட் வந்ததும் சுவிட்சைத் தட்டாதீர்கள். சர்வரின் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அறையைச் சாத்தி ஏசியை ஒருநாள் ஓடவிடுங்கள். அப்புறம் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் செருகலாம்.