தெரிந்தாரைத் தெரிதல்

1954 ஆம் ஆண்டிலே தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். அச்செயலை அளத்தற்கு வேறு துலாக்கோல் வேண்டுவதில்லை. ஒரு கரையில் இறங்கியவர் மறு கரையில் ஏறினார். இடையிற் கிடந்த கடலே அவர் ஆற்றலுக்குச் சான்றாயிற்று. தன் கையும் தன் மூச்சும் துணையாக ஒருவன் முடிக்கும் வினை இத்தகையது. வினையும் அதனைச் செய்தவனும் ஓரிடத்தே நிற்றலின், அதனை மதிப்பிடுதல் எளிது.

ஆயின், பிறரைத் தெரிந்தெடுத்து அவர் வாயிலாக வினைமுடிக்கும் ஒருவனது திறனை அளப்பது எங்ஙனம்? அவன் செயல் பிறருடைய கைகளிலும் கால்களிலும் வெளிப்படுகின்றது. அதுவும் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே வெளிப்படுகின்றது. தெரியப்பட்டவன் வென்றால் அது தெரிந்தவனது கூர்மையா, பயிற்றியவனது உழைப்பா, ஊழின் துணையா? தோற்றால் அது யார் பிழை? கல்லூரி அணிக்கு ஆட்டக்காரரைத் தெரியும் ஆசிரியர் முதல், ஒரு நிலையத்துக்கு அலுவலரைத் தெரியும் குழுவினர் வரை, அனைவரும் இவ்வினாவுக்கு உட்பட்டவரே. திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரத்தையும், அதனை அடுத்துத் ‘தெரிந்து வினையாடல்’ என மற்றோர் அதிகாரத்தையும் வகுத்தமை, ஆளைத் தெரிதலும் அவனை வினையில் ஈடுபடுத்தலும் வெவ்வேறு திறன்கள் என்பதைக் காட்டும். அவ்வாறு தெரிந்தாரைத் தெரிவது எப்படி என்பதே இங்கு ஆராயப்படுவது.

இவ்வினா மிக வெளிப்படையாக எழுந்து, ஆண்டுதோறும் கணக்கிட்டு விவாதிக்கப்படும் களம் ஒன்றுண்டு. அது அமெரிக்க உதைபந்தாட்டம். பெயர் ஒன்றாயினும் இந்நாட்டில் ஆடப்படும் உதைபந்தாட்டத்தினின்றும் அது வேறானது; முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படுவது. அந்நாட்டுத் தேசிய உதைபந்தாட்டச் சங்கத்தில் 32 அணிகள் உள்ளன. பல்கலைக்கழகங்களில் ஆடித் தேர்ந்த இளைஞரை அவ்வணிகள் ஆண்டுக்கொருமுறை வரிசையாகத் தெரிந்தெடுக்கின்றன. முந்திய ஆண்டிலே கடைநிலை எய்திய அணிக்கு முதல் உரிமை. வெற்றிவாகை சூடிய அணிக்கு இறுதி உரிமை. இவ்வாறு ஏழு சுற்றுகள் நடைபெறும். மெலிந்த அணி வலிமை பெறுதல் வேண்டும் என்னும் நோக்குடன் 1936 ஆம் ஆண்டில் இம்முறை தொடங்கப்பட்டது. தன் முறையை வேறோர் அணிக்குக் கொடுத்து மாற்றாக வேறு உரிமைகளைப் பெறுதலும் உண்டு. இவற்றையெல்லாம் முடிவுசெய்பவர் அணியின் பொது முகாமையாளர். அவர் புகழும் பதவியும் பெரும்பாலும் இத்தெரிவிலேயே தங்கியுள்ளன. ஆங்கு முதன்முதலாகத் தெரியப்பட்ட ஜே பேர்வாங்கர் என்பார் தொழில்முறை ஆட்டமொன்றேனும் ஆடாமலே வேறு தொழிலை நாடிச் சென்றார் என்பது, இம்முறையின் நிச்சயமின்மையைத் தொடக்கத்திலேயே உணர்த்திய செய்தியாகும்.

தெரிவாளரை மதிப்பிடும்போது பொதுமக்கள் கையாளும் அளவுகோல்கள் இரண்டு. ஒன்று, அவர் கண்டெடுத்த மாணிக்கத்தைக் காட்டிப் புகழ்தல். மற்றொன்று, அவர் எடுத்த கூழாங்கல்லைக் காட்டி இகழ்தல். இரண்டும் ஆய்வுக்கு நில்லா.

மாணிக்கத்தை முதலில் நோக்குக. 2000 ஆம் ஆண்டிலே நியூ இங்கிலாந்து அணியினர் டொம் பிரேடி என்பவரை 199 ஆவது தெரிவாக எடுத்தனர். அவர் 23 பருவங்கள் ஆடி, ஏழு முறை வாகை சூடிய அணிகளில் இடம்பெற்றார். அத்தெரிவு ஒப்பற்ற நுண்ணறிவுக்குச் சான்று என்பர். ஆயின், அவ்வணியினரே அவ்வாண்டில் அவருக்கு முன்னர் வேறு அறுவரைத் தெரிந்தெடுத்தனர். பிரேடியின் பெறுமதியை உண்மையாகவே அறிந்திருந்தால், 198 பேர் தெரியப்படும்வரை வாளாவிருந்திருப்பரோ? பிற அணிகளைப் போலவே அவர்களும் அவரை அறிந்திலர், பிறரினும் சிறிது கூடுதலாக நம்பினர், அவ்வளவே. எஞ்சியது பேறு.

கூழாங்கல்லின் கதைக்கு, 1998 ஆம் ஆண்டில் சான் டியேகோ அணியின் பொது முகாமையாளராயிருந்த பொபி பெதர்ட் எடுத்துக்காட்டாவார். அவ்வாண்டுத் தெரிவில் பெய்டன் மானிங், ரயன் லீஃப் என்னும் இருவரும் ஏறக்குறைய ஒப்பானவர் எனப் பலராலும் எண்ணப்பட்டனர். முதல் உரிமை பெற்ற இந்தியானாபொலிஸ் அணி மானிங்கைக் கொண்டது. இரண்டாவதாக லீஃப்பை பெதர்ட் கொண்டார். மானிங் தம் காலத்துத் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவராயினார். லீஃப் சில ஆண்டுகளுக்குள் ஆட்டத்தைவிட்டே நீங்கினார். இன்றும் தவறான தெரிவுக்கு அவர் பெயரே உவமையாக எடுத்துரைக்கப்படுகின்றது.

இவ்வொன்றை மட்டும் அறிந்தவர் பெதர்ட்டை ஆளறியாதவர் என்று தீர்ப்பிடுவர். அவர் வரலாற்றை முழுமையாக நோக்குவார்க்கோ வேறு காட்சி தோன்றும். 1978 முதல் அவர் வாஷிங்டன் அணியின் பொது முகாமையாளராயிருந்தார். 1980 இல் ஆர்ட் மொங்க், 1981 இல் மூன்றாஞ் சுற்றிலே ரஸ் கிரிம், 1983 இல் முதற்சுற்றின் கடைசியிலே சிறு கல்லூரியொன்றிலிருந்து டரல் கிரீன் ஆகியோரை அவர் தெரிந்தார். மூவரும் பிற்காலத்தில் அவ்வாட்டத்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர். அவர் காலத்தில் அவ்வணி 1983 இலும் 1988 இலும் வாகை சூடியது. அவரே 1990 களில் சான் டியேகோ அணியையும் கட்டியெழுப்பி, அதனை இறுதியாட்டம் வரை கொண்டுசென்றார். 2018 இல் பெதர்ட்டும் அப்புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். மாணிக்கங்களைக் கண்டவரும் கூழாங்கல்லைக் கொண்டவரும் ஒருவரே. ஆதலின், ஒரு தெரிவைக் கொண்டு தெரிவாளரை அளத்தல், ஒரு நாள் வலையில் வீழ்ந்த மீனைக் கொண்டு மீனவனது தொழிலறிவை அளத்தலை ஒக்கும்.

அங்ஙனமாயின், 1998 இல் பெதர்ட் பிழையே செய்திலரோ? செய்தார், ஆனால் அது பலரும் சுட்டுமிடத்தில் இல்லை. அவருக்கு முதலில் உரியது மூன்றாம் இடமே. அங்கிருந்து இரண்டாம் இடத்துக்கு ஓர் அடி முன்னேறுதற்பொருட்டு, அவ்வாண்டின் இரண்டாஞ் சுற்று உரிமையையும், மறு ஆண்டின் முதற்சுற்று உரிமையையும், ஆட்டக்காரர் இருவரையும் அரிசோனா அணிக்குக் கொடுத்தார். லீஃப் தோற்பார் என்பதை எவரும் உறுதியாக அறிந்திருத்தல் இயலாது. ஆனால், எவர் வெல்வார் என்பதை உறுதியாக அறிதல் இயலாது என்பதை அறிந்திருத்தல் இயலும். நிச்சயமில்லாத ஒன்றுக்கு நிச்சயமானதற்குரிய விலையைக் கொடுத்தமையே பிழை. தெரிந்த ஆளிற் பிழையில்லை. செலுத்திய விலையிற் பிழை உண்டு.

இவ்வுண்மையைக் கணக்கால் நிறுவியவர் கேட் மசி, ரிச்சர்ட் தேலர் என்னும் பொருளியலறிஞர் இருவர். தேலர் 2017 இல் நோபெல் பரிசு பெற்றவர். 2013 இல் வெளிவந்த அவர்தம் ஆய்வு, ஒரே நிலையில் ஆடுவோருள் அடுத்தடுத்துத் தெரியப்பட்ட இருவரை ஒப்புநோக்கியது. முன்னர்த் தெரியப்பட்டவர் பின்னவரினும் சிறந்து விளங்கியது நூற்றுக்கு ஏறத்தாழ 52 முறையே. காசு சுண்டினாலும் நூற்றுக்கு 50 முறை சரிவரும். எனினும், முன்னிடத்தைப் பெறுதற்கு அணிகள் கொடுக்கும் விலையோ மிகப் பெரிது. தம் கணிப்பில் மாந்தர் கொள்ளும் மிகை நம்பிக்கையே இதற்குக் காரணம் என அவர்கள் காட்டினர்.

இவ்வுண்மையைத் தமிழர் முற்றும் அறியாதவரல்லர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊராட்சி வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தெரிந்த வரலாற்றைக் கூறுகின்றன. நிலம், மனை, அகவை, கல்வி, ஒழுக்கம் ஆகிய தகுதிகளால் முதலில் வடிகட்டினர். தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அறிவு செல்லும் எல்லைவரை ஆராய்ந்து, அதற்கப்பால் ஊழுக்கு இடம் விட்ட அம்முறை, மிகை நம்பிக்கைக்கு இடங்கொடாதது.

ஊழின் பங்கு இவ்வளவு பெரிதாயின், தெரிவாளருக்குத் திறன் என்பதே இல்லையோ எனின், உண்டு. அதனைக் காண்பதற்குச் சில வரையறைகள் வேண்டும்.

முதலாவது, தெரியப்பட்டவனை ஏனைய எல்லோரோடும் ஒப்பிடாது, அந்த முறை வந்தபோது எஞ்சி நின்றவரோடு ஒப்பிடல் வேண்டும். முதலிடத்தில் தெரிபவன் சிறந்த ஆட்டக்காரனைப் பெறுதல் வியப்பன்று. நூறாம் இடத்தில் தெரிபவன் அவ்விடத்துக்குரிய அளவின் மேற்பட்டுப் பெறுகின்றானா என்பதே வினா. இரண்டாவது, பல ஆண்டுத் தெரிவுகளை ஒருங்கு நோக்கல் வேண்டும். எண்ணிக்கை பெருகப் பெருக ஊழின் ஆட்டம் ஒடுங்கும். மூன்றாவது, காலம் தாழ்த்தித் தீர்ப்பிடல் வேண்டும். தெரிவு நடந்த மறுநாளே புள்ளியிடுவார், விதை ஊன்றிய மறுநாள் விளைச்சலை அளப்பாரை ஒப்பர். நான்காவது, பெற்றதோடு கொடுத்த விலையையும் எண்ணல் வேண்டும்.

ஐந்தாவது வரையறை கல்வியுலகினர்க்கு நன்கு விளங்கும். தெரிதலின் பயனையும் பயிற்றலின் பயனையும் பிரித்தறிதல் வேண்டும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் உயர்ந்த புள்ளி பெற்ற சிறாரைச் சேர்த்துக்கொள்ளும் பெரிய கல்லூரி, பின்னர் உயர்தரப் பரீட்சையில் நல்ல பேறுகளைக் காட்டுமாயின், அவற்றுள் எவ்வளவு கற்பித்தலால் வந்தது, எவ்வளவு தெரிவால் வந்தது? தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் வடபுலத்துப் பாடசாலைகளுக்குப் பொதுவாக நடத்தும் பரீட்சைகளில், ஓரிரு மாணவரே மிக்க புள்ளி பெறும் சிறு பாடசாலையின் ஆசிரியர், நூற்றுவர் அவ்வாறு பெறும் பெருங் கல்லூரியின் ஆசிரியரினும் அரிய தொண்டு புரிந்திருத்தல் கூடும். தொடங்கிய இடத்தை நோக்காது முடிந்த இடத்தை மாத்திரம் நோக்குவார்க்கு இது புலனாகாது.

இவ்வரையறைகளையெல்லாம் கடந்து நிற்கும் திறன் ஒன்றுண்டு. அது பிறர் பாராத இடத்திற் சென்று பார்த்தல். பிட்ஸ்பர்க் அணி 1974 இல் முதலில் தெரிந்த ஐவருள் நால்வர் பின்னர்ப் புகழ்மண்டபத்தை எய்தினர். அவ்வெற்றியில் பில் நன் என்பாருக்குப் பெரும் பங்குண்டு. கறுப்பின மக்களின் செய்தித்தாளொன்றில் விளையாட்டுச் செய்தியாளராயிருந்த அவர், தென் மாநிலங்களிலிருந்த கறுப்பினத்தார் கல்லூரிகளை நேரிற் கண்டு பழகியவர். பிற அணியினர் பலர் பொருட்படுத்தாத அக்கல்லூரிகளிலிருந்து, நான்காஞ் சுற்றிலே ஜோன் ஸ்டால்வர்த்தையும், எவ்வணியும் தெரியாது விட்ட டொனி ஷெல்லையும் அவ்வணி பெற்றது. இதனை ஊழ் என்று ஒதுக்குதல் பொருந்தாது. எல்லோரும் பார்த்த இடத்தில் எல்லோரினும் நன்றாகப் பார்த்தல் அரிது. ஒருவரும் பாராத இடத்தில் ஓரளவு பார்ப்பதே பெரும்பயன் தரும். 2021 இல் பில் நன்னும் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தார்க்குத் தம் வரலாறு நினைவுக்கு வருதல் இயல்பு. போர்க்காலம் முழுவதும் வடபுலத்து மைதானங்கள் இந்நாட்டுத் தெரிவாளர் கண்ணுக்கு எட்டாதனவாயிருந்தன. 2020 இல் லங்கா பிரீமியர் லீக் துடுப்பாட்டத் தொடர் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணியில் வடபுலத்து இளைஞர் சிலரும் சேர்க்கப்பட்டனர். அவருள் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் சுழற்பந்துவீச்சாளரான விஜயகாந்த் வியாஸ்காந்த் அவ்வாண்டு திசம்பரில் களமிறங்கியபோது 19 வயதும் நிரம்பாதவர். அவ்வணி அவ்வாண்டு வாகை சூடியது. 2024 இல் வியாஸ்காந்த் இந்தியன் பிரீமியர் லீக்கில் ஐதராபாத் அணிக்காகப் பந்துவீசினார்.

இவ்வொருவரைக் கொண்டு அத்தெரிவாளரை வானளாவப் புகழின், அது மேற்கூறிய மாணிக்கப் பிழையேயாகும். இன்னொன்றும் எண்ணத்தக்கது. வியாஸ்காந்த் அன்று சோபிக்காது போயிருப்பின், அவரைத் தெரிந்தமை தவறாகியிருக்குமோ? ஆகாது. அவர் பந்துவீச்சை ஆராய்ந்து, இளைஞர் ஒருவருக்குரிய சிறு விலையில், பிறர் பாராத இடத்திலிருந்து தெரிந்த செயல், விளைவு யாதாயினும் நற்செயலே.

இங்கேதான் இவ்வாராய்ச்சியின் பயன் உள்ளது. ஒவ்வொரு தோல்விக்கும் தெரிவாளரைத் தூற்றுஞ் சமுதாயத்தில், தெரிவாளர் அஞ்சுவர். அஞ்சியவர் பெயர்பெற்ற கல்லூரியினரையும் அறிமுகமானவர் பிள்ளைகளையுமே தெரிவர். அவர்கள் தோற்றாலும் தம்மைக் குறைகூறுவார் இலர் என்பதை அறிவர். அதன் இழப்பு தெரிவாளரைச் சாராது. ஆற்றுக்கு அப்பாலும் கடலோரத்தும் உள்ள சிறு பாடசாலைகளில், ஒருவராலும் காணப்படாதிருக்கும் பிள்ளைகளையே சாரும். தெரியப்படாதவன் தோற்றதாகவும் எழுதப்படுவதில்லை. அவன் பெயர் எக்கணக்கிலும் இல்லை.

ஆகவே, தெரிவுப் பொறுப்புடையோர் இன்னாரை இன்ன காரணத்தால் தெரிந்தோம், இன்னாரை இன்ன காரணத்தால் விடுத்தோம் என்பதை முடிவு தெரியுமுன்னரே எழுதிவைத்தல் நன்று. முடிவு தெரிந்தபின் நினைவு தன்னைத் திருத்திக்கொள்ளும், ஏடு திருத்திக்கொள்ளாது. ஐந்து, பத்து ஆண்டுகள் கழிந்தபின் அவ்வேட்டைப் புரட்டிப் பார்ப்பின், காரணங்களுள் மெய்யானவை எவை, வெறும் விருப்பு எது என்பது புலப்படும். யாரும் செல்லாத பாடசாலைக்கு எத்தனை முறை சென்றோம் என்பதும் அவ்வேட்டில் இருத்தல் வேண்டும்.

நவரத்தினசாமியின் நீச்சலுக்குக் கடல் சான்றாய் நின்றது. தெரிவாளர்க்கு அத்தகைய சான்று இல்லை. அவர் எங்கெங்கே தேடினார், எதனை அறிந்து தெரிந்தார், என்ன விலை கொடுத்தார் என்பனவே அவர்க்குரிய சான்றுகள். அவற்றை நோக்கித் தீர்ப்பிடுதலே தெரிந்தாரைத் தெரியும் முறையாகும்.