இடைகழி

திருக்கோவலூர் இடைகழிக் கதையை அறியாத தமிழாசிரியர் இலர். மழை பெய்யும் இரவிலே ஒரு வீட்டின் இடைகழியில் ஒருவர் படுத்திருந்தார். மற்றொருவர் வர, இருவரும் எழுந்து இருந்தனர். மூன்றாமவர் வர, மூவரும் நின்றனர். முதலாழ்வார் மூவரும் சந்தித்த வரலாறு அது. தெருக்கதவுக்கும் உள்வீட்டுக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய இடமே இடைகழி. அங்கே எவரும் நிலையாகக் குடியிருப்பதில்லை. ஆயினும் வெயிலிலிருந்து வருபவனுடைய கண்கள் உள்வீட்டு இருளுக்குப் பழகுவது அங்கேதான்.

பாடசாலை தெருவாயின், பல்கலைக்கழகம் உள்வீடு. இரண்டுக்கும் நடுவே இடைகழி உண்டா என்பதே நம் வினா.

பேச்சிழந்த மாணவன்

என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன் உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பிரிவிலே சிறந்த பெறுபேறு பெற்றுப் பல்கலைக்கழகம் புகுந்தான். வினா எழுப்புவதில் வகுப்பிலே அவனுக்கு நிகர் அவனே. மூன்று மாதங் கழித்து அவனை வீதியிலே கண்டேன். "படிப்பு எப்படித் தம்பி?" என்றேன். "விளங்குது ஐயா, கேள்வி கேக்கத்தான் வாய் வருகுதில்லை" என்றான்.

அது அவன் ஒருவனது குறையன்று. பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் தமிழிலே கற்று உயர்தரம் எழுதும் நம் பிள்ளை, விஞ்ஞான, மருத்துவ, பொறியியற் பீடங்களில் அடிவைத்ததும் ஆங்கிலத்திலே விரிவுரை கேட்கிறது. பரீட்சைக்கும் பல்கலைக்கழகப் பிரவேசத்துக்கும் இடையே பல மாதங்கள், சில வேளை ஓராண்டுக்கு மேலும், கழிகின்றன. கற்ற பாடம் மங்குவதற்கு அக்காலம் போதும். புதிய மொழி தானே வந்து வாய்ப்பதற்குப் போதாது. 1974ஆம் ஆண்டு திருநெல்வேலியிலே யாழ்ப்பாண வளாகம் தோன்றியபோது, பல்கலைக்கழகம் நம் படலையடிக்கே வந்துவிட்டது என மகிழ்ந்தோம். படலை அண்மையில் வந்தது. உள்ளே போகும் வழி இன்னும் சுருங்கவில்லை.

இக்குறையை ஆள்வோர் அறியாதவரல்லர். பல்கலைக்கழகப் புதுமுகங்களுக்கான பொது ஆங்கிலப் பயிற்சி 1980களிலே நாடளாவிய நிலையில் ஆரம்பிக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் புதியவர்களுக்குத் தீவிர ஆங்கில வகுப்பு நடத்துவதுண்டு. அவை வேண்டியவையே. ஆனால் ஆங்கிலம் மட்டும் கற்பித்தால் இடைகழி அமைந்துவிடுமா? பதின்மூன்று ஆண்டு தமிழிலே பெற்ற அறிவை, வாசலிலே செருப்பைக் கழற்றுவதுபோலக் கழற்றிவிட்டு வா என்பது முறையாகுமா?

சொல்லுக்குள் சொல்

ஓர் உதாரணம் காண்போம். இலை உணவு சமைக்கும் செயலை நம் மாணவன் "ஒளித்தொகுப்பு" என்று கற்றிருக்கிறான். விரிவுரையிலே "போட்டோசிந்தெசிஸ்" என்ற சொல் இடிபோல விழுகிறது. ஆனால் அதன் முற்பகுதி கிரேக்கத்திலே ஒளியைக் குறிப்பது. பிற்பகுதி கூட்டிச் சேர்த்தலைக் குறிப்பது. ஒளித்தொகுப்பு என்பதும் அதுவேயன்றோ! "தெர்மோமீற்றர்" வெப்பமானியாயிற்று, "தெர்மோ" வெப்பம், "மீற்றர்" மானி. கலைச்சொல் ஆக்கிய நம் அறிஞர் பலசொற்களை இவ்வாறே உறுப்புறுப்பாகப் பெயர்த்தனர். எனவே தமிழ்ச்சொல்லைப் பொருளுணர்ந்து கற்றவன் கையிலே ஆங்கிலச் சொல்லின் திறவுகோல் முன்னரே இருக்கிறது. இருப்பதை அவனுக்கு உணர்த்துவார் இல்லை, அவ்வளவே. நெட்டுருப் பண்ணியவனுக்கோ இரண்டு சொல்லும் இரண்டு சுமை.

நம் மண்ணின் முன்மாதிரி

இந்நெறி நமக்குப் புதிதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலே நிறுவிய செமினரியில் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே பயிலப்பட்டன. ஐரோப்பிய கணிதமும் விஞ்ஞானமும் கற்ற மாணவர் தமிழிலக்கணத்தையும் கற்றனர். தெல்லிப்பழை மிஷன் பாடசாலையிலே கற்று, பின் வட்டுக்கோட்டை சென்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். ஆங்கிலக் கல்வியால் அவருடைய தமிழ் தேயவில்லை. தொல்காப்பியமும் கலித்தொகையும் அவர் கையால் அச்சேறின.

1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே மருத்துவங் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலே போதித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்ததோடு, கலைச்சொற்றொகுதிகளும் வெளியிட்டார். அவர் தாயகம் திரும்பியபின் அந்நெறி நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆனால் புதிய அறிவுக்குத் தாய்மொழி தடையன்று, படியே என்பதை அவர் நம் கண்முன்னே காட்டிச் சென்றார்.

ஆதலின் பரீட்சை முடிந்து வறிதே கழியும் மாதங்களை நாம் பயன்படுத்தல் வேண்டும். ஊர்ச் சனசமூக நிலையங்களிலே வாரம் இருமுறை கூடலாம். இருமொழிக் கலைச்சொற்களை அருகருகே வைத்து ஆராயலாம். ஒரு நூலை ஆசிரியர் துணையின்றித் தானே வாசித்துக் குறிப்பெடுக்கவும், எழுந்து நின்று வினாவவும் பழக்கலாம். பல்கலைக்கழக மாணவர் சிலர் விடுமுறையில் வந்து வழிகாட்டினால் வேறு செலவு வேண்டாம்.

மேலே கூறிய மாணவன் இறுதியாண்டிலே இவ்வாறு தன் ஊரில் ஒரு வகுப்பைத் தொடங்கினான். ஒரு மாலை சென்று பின்வாங்கிலே இருந்தேன். சுவரிலே விதி ஒன்றே எழுதியிருந்தது: "எந்த மொழியிலும் கேள்வி கேட்கலாம்." அன்று அங்கே வாய் மூடியிருந்தவன் நான் ஒருவனே.