பிக்கப்பை பஸ்ஸாக்கிய மலை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் அடிக்கடி கண்ணில் படுவது பிக்கப் வண்டிதான். கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளி இறங்குவதும், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஊரே திரண்டு போவதும் அதில்தான். மூட்டைகளுக்கு மேல் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து வருவதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

மலையில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைக் கொல்லும். டீசல் மிச்சமாகும் என்று சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். அப்போது வண்டி, லோடு, ஆட்கள் என மொத்த எடையும் பிரேக் தலையில் விழுகிறது. நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் லைனிங் காய்ந்து தீய்ந்த வாடை வரும். அதற்கப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. எஞ்சினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காமல், இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாக இறுகிவிடும். இத்தனைக்கும் மிச்சம் என்று ஒன்றும் இல்லை. இன்றைய டீசல் எஞ்சின்களில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் போவது நின்றுவிடும்; நியூட்ரலில்தான் எஞ்சின் தொடர்ந்து டீசல் குடிக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது முழுக்கச் சரி.

ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் பயமில்லை என்பதும் தவறு. சேற்றிலிருந்து வெளியே வர அது உதவும். இறக்கத்தில் வண்டியை நிறுத்தாது. காலி பிக்கப்பில் பின்பக்கம் கனம் இல்லாததால் ஈர மண்ணில் பின்சக்கரம் வழுக்கும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். அது சட்டமும்கூட.

கட்டிய மூட்டை நகராது. நிற்கிற ஆள் அப்படியில்லை. கொண்டை ஊசி வளைவில் இருபது பேர் ஒரே பக்கம் சாய்ந்தால் வண்டியின் கனமும் அந்தப் பக்கம் போய்விடும். ஏற்கெனவே உயர லோடு ஏற்றிய வண்டி கவிழ அதுவே போதும். கவிழ்ந்த பிறகு இன்னொரு அடி காத்திருக்கிறது. சரக்கு வண்டியில் பயணியாகப் போகிறவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று 2002-இல், ஆஷா ராணி வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. செத்தவரின் குடும்பம் யாரிடம் போய்க் கேட்கும்? வண்டிக்காரரும் பெரும்பாலும் கடனில் வண்டி வாங்கியவர்தான்.

ஆனாலும் மலைக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஸ் வராத ஊரில் பிரசவ வலி கண்டவளுக்கும் பிக்கப்தான் கதி. 2024-இல் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலையும் போக்குவரத்தும் அங்கே பேசப்பட்டன. பேசியது போதும், கடைசி மலைக் கிராமம் வரை மினி பஸ் ஓடட்டும். அதுவரை டிரைவர் தம்பிகளே, பின்னால் ஆள் ஏற்றாதீர்கள், இறக்கத்தில் கியரை எடுக்காதீர்கள்.