மாற்றத்தில் எத்தனை வகை!

ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்து 68 நாள் நடந்த வழக்கு

பஸ்சில் கண்டக்டர், "சேஞ்ச் இருக்கா?" என்று கேட்கிறார். ஜவுளிக்கடையில் ஓர் அம்மாள், "சாயம் போகுது, இந்தச் சேலையை சேஞ்ச் பண்ணிக் கொடுங்க" என்கிறார். வெளியூர் போய் வந்தவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், "ஆளே சேஞ்ச் ஆயிட்டீங்களே!" என்று வியக்கிறார்.

ஒரே சொல், மூன்று வேலை செய்கிறது. சில்லறை, பண்டமாற்று, உருமாற்றம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. 'ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது' என்ற பொருளுள்ள பழைய லத்தீன் சொல் ஒன்று, பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'சேஞ்ச்' ஆயிற்று. தமிழிலும் அப்படித்தானே! நோட்டை மாற்றுகிறோம், சட்டையை மாற்றுகிறோம், மனதையும் மாற்றிக்கொள்கிறோம்.

சரி, 'சேஞ்ச்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன? ஆங்கில வாத்தியாரைக் கேட்டால் அவரும் சற்று யோசிப்பார். ஏனென்றால் அதற்கு ஒரே ஒரு எதிர்ச்சொல் கிடையாது. மாறியது எது? எந்தப் பக்கம் மாறியது? பழையபடி திரும்ப முடியுமா? இந்த மூன்றும் தெரிந்தால்தான் எதிர்ச்சொல் கிடைக்கும்.

இது பள்ளிக்கூடத்து இலக்கணத்தோடு முடிந்துபோகும் விஷயம் அல்ல. வீட்டுச் செலவு முதல் நாட்டின் அரசியல் சட்டம் வரை இது வந்து நிற்கிறது.

திரும்பி வருவதும் நின்றுவிடுவதும்

தண்ணீர் உறைவதை ஆங்கிலத்தில் 'பிரீஸ்' என்பார்கள். பனிக்கட்டி உருகுவது 'மெல்ட்'. ஒன்று போகிற வழி, மற்றொன்று வருகிற வழி. இரண்டும் நேர் எதிர்.

பழம் அழுகுவது 'ராட்'. இதற்கு வருகிற வழி உண்டா? அழுகிய பழம் மறுபடி நல்ல பழம் ஆவதில்லை. ஆகவே அங்கே எதிர்ச்சொல் வேறு விதமாக அமைகிறது. கெடாமல் காப்பது, அதாவது 'பிரிசர்வ்'. கடையில் வாங்கும் ஊறுகாய் பாட்டிலில் 'பிரிசர்வேட்டிவ்' என்று அச்சிட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே சொல்லின் உறவுதான் அது.

ஆக, மாற்றத்துக்கு இரண்டு எதிர்ப்பக்கம் உண்டு. ஒன்று, வந்த வழியே திரும்புவது. இன்னொன்று, மாறாமல் அப்படியே நிற்பது.

முன்னால் 'அன்' என்ற எழுத்துகளைச் சேர்த்துத் திரும்புகிற வழியைக் காட்டுவது ஆங்கிலத்தின் வழக்கம். 'லாக்' என்றால் பூட்டு, 'அன்லாக்' என்றால் திற. 'டை' என்றால் கட்டு, 'அன்டை' என்றால் அவிழ். 'பேக்' என்றால் மூட்டை கட்டு, 'அன்பேக்' என்றால் பிரித்து எடு.

ஆனால் 'குக்' என்ற சொல்லுக்கு 'அன்குக்' என்று பேச்சு வழக்கில் ஒரு சொல் இல்லை. சோற்றைத் திரும்ப அரிசியாக்க யாரால் முடியும்? முடியாத காரியத்துக்குச் சொல்லும் பிறக்கவில்லை! இப்படித் திரும்ப முடியாத மாற்றத்தை 'இர்ரிவர்சிபிள்' என்று விஞ்ஞானப் புத்தகங்கள் குறிப்பிடுகின்றன. திரும்பக்கூடியது 'ரிவர்சிபிள்'.

விலை குறைந்ததா, வேகம் குறைந்ததா?

"பணவீக்கம் குறைந்தது" என்று பத்திரிகையில் செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டு மளிகைக் கடைக்குப் போகும் குடும்பத் தலைவி ஏமாந்து திரும்புகிறார். பருப்பு விலை குறையவே இல்லை! செய்தி பொய்யா?

பொய் இல்லை. விலைவாசி ஏறிக்கொண்டே போவது 'இன்பிளேஷன்'. ஏறுகிற வேகம் மட்டும் குறைவது 'டிஸ்இன்பிளேஷன்'. விலையே இறங்குவது 'டிபிளேஷன்'. மூன்றும் மூன்று சங்கதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 ரூபாய்ச் சாமான் ஒரு வருஷத்தில் 6 சதவீதம் ஏறினால் 106 ரூபாய். அடுத்த வருஷம் பணவீக்கம் 4 சதவீதமாகக் குறைகிறது. அப்போது விலை 110 ரூபாய் 24 காசு. பணவீக்கம் குறைந்தது உண்மை. கூடுதலாக 4 ரூபாய் 24 காசு கொடுத்ததும் உண்மை!

அப்படியானால் 'டிபிளேஷன்' வந்தால் கொண்டாட்டம்தானா? அதுவும் இல்லை. 1929-ல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் விலைகள் வருஷா வருஷம் சரிந்தன. விளைந்ததற்கு விலை இல்லாமல் விவசாயிகள் நொடித்துப்போனார்கள். ஆலைகள் மூடின. 1933-ல் அந்நாட்டு உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. எதிர்ச்சொல் எல்லாமே நல்ல சொல் ஆகிவிடாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

சுற்றி வந்த புரட்சி

புரட்சியை ஆங்கிலத்தில் 'ரெவல்யூஷன்' என்கிறார்கள். பழைய ஆட்சியைக் கவிழ்த்துப் புதிய ஆட்சியைக் கொண்டுவருவது என்பது இன்றைய பொருள். ஆனால் முதலில் அதற்குச் சுழற்சி என்றுதான் அர்த்தம். சக்கரம் சுற்றுவதைப்போல, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவது! 1543-ல் கோப்பர்நிக்கஸ் வெளியிட்ட வானநூலின் லத்தீன் பெயரிலும் இந்தச் சொல் உண்டு. அங்கே அது கோள்களின் சுழற்சி.

இங்கிலாந்தில் 1649-ம் ஆண்டு மன்னர் முதலாம் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்டார். முடியாட்சி ஒழிந்தது. தளபதி ஆலிவர் கிராம்வெல் நாட்டை ஆண்டார். 1658-ல் அவர் இறந்தார். பிறகு அவருடைய மகன் வந்தார், நிலைக்கவில்லை. கடைசியில் 1660-ல் கொல்லப்பட்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லசையே அழைத்து வந்து அரியணையில் ஏற்றினார்கள்.

தாமஸ் ஹாப்ஸ் என்ற அறிஞர் இந்தக் காலத்தில் வாழ்ந்தவர். தந்தையிடமிருந்து பறிபோன அதிகாரம் ஒரு வட்டம் அடித்து மகனிடமே வந்து சேர்ந்தது என்று அவர் எழுதினார். அந்த வட்டத்தைத்தான் 'ரெவல்யூஷன்' என்றார்! மன்னர் திரும்பி வந்ததற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'ரெஸ்டொரேஷன்'. பழையதை மீட்டு நிறுத்துதல் என்று பொருள்.

1789-ல் பிரான்சில் புரட்சி வெடித்தது. அதன் பிறகு இந்தச் சொல்லின் முகம் அடியோடு மாறிவிட்டது. திரும்பி வருவதைக் குறித்த சொல், திரும்பிப் பார்க்காமல் போவதைக் குறிக்கத் தொடங்கியது. மாற்றத்தைச் சொல்லும் சொல்லே மாறிப்போனது!

மேலே ஏறும் ஏணியா?

'எவல்யூஷன்' என்பது மெல்ல மெல்ல நடக்கும் மாற்றம். சுருட்டி வைத்த ஏட்டைப் பிரிப்பது என்பது அதன் மூலப்பொருள். பரிணாமக் கொள்கை என்றதும் சார்லஸ் டார்வின் பெயர் நினைவுக்கு வரும். ஆனால் 1859-ல் அவருடைய புகழ்பெற்ற நூல் வந்தபோது, முதல் பதிப்பில் 'எவல்யூஷன்' என்ற சொல்லே கிடையாது. அதன் உறவான 'எவால்வ்டு' என்ற வினைச்சொல் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக நிற்கிறது.

எவல்யூஷன் என்றால் மேலே ஏறுவது, அதற்கு எதிர் கீழே இறங்குவது என்று சிலர் நினைக்கிறார்கள். இது சரியல்ல. இருண்ட குகை நீரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து கண்ணை இழந்த மீன்கள் மெக்சிகோ நாட்டில் உண்டு. கண் போனதும் எவல்யூஷன்தான். வாழும் இடத்துக்கு ஏற்ப உயிர்கள் மாறுகின்றன. அதில் மேல்படியும் இல்லை, கீழ்ப்படியும் இல்லை.

ரத்து செய்வது வேறு

சட்டத்தை அடியோடு நீக்குவது 'ரிப்பீல்'. அமெரிக்காவில் 1920 ஜனவரியில் நாடு முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அதற்காக அரசியல் சட்டத்தில் 18-வது திருத்தம் செய்திருந்தார்கள். 1933-ல் 21-வது திருத்தம் வந்து அந்தத் திருத்தத்தையே ரத்து செய்தது. சட்டம் போயிற்று. ஆனால் இடைப்பட்ட காலத்தில் கள்ளச்சாராயத்தில் கொழுத்த கும்பல்கள் சட்டத்தோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை.

'அமெண்டு' என்பது வேறு சொல். பிழையை நீக்குவது என்பது அதன் மூலப்பொருள். தமிழில் 'திருத்தம்' என்பது மிகப் பொருத்தம். முடி திருத்தும் கடைக்குப் போகிறவர் தலையோடுதான் வீடு திரும்ப வேண்டும்! திருத்தலாம்; ஆனால் திருத்தப்படும் பொருள் மிஞ்சி நிற்க வேண்டும். இந்த வேறுபாடுதான் ஒரு நாள் இந்தியாவின் மாபெரும் வழக்காக வந்து நின்றது.

13 நீதிபதிகள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்திய அரசியல் சட்டத்தின் 368-வது பிரிவு, திருத்தம் செய்யும் முறையைச் சொல்கிறது. அங்கே இருந்த சொல் 'அமெண்ட்மெண்ட்'. முதல் திருத்தத்துக்குத் தமிழ்நாடும் ஒரு காரணம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்று ஐகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் கூறிவிட்டன. மாகாணமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1951-ல் செய்த முதல் திருத்தத்தில், பிற்பட்ட வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் உட்பிரிவு ஒன்றும் சேர்ந்தது.

பிற்காலத்தில் பெரிய கேள்வி எழுந்தது. பாராளுமன்றம் எதை வேண்டுமானாலும் திருத்தலாமா? மக்களின் அடிப்படை உரிமைகளையும் பறிக்கலாமா? 1967-ல் கோலக்நாத் வழக்கில் 11 நீதிபதிகளில் 6 பேர், "கூடாது" என்றார்கள். 1971-ல் பாராளுமன்றம் 24-வது திருத்தம் கொண்டுவந்தது. எந்தப் பிரிவையும் சேர்க்கலாம், மாற்றலாம், 'ரிப்பீல்' செய்யலாம் என்று அதில் எழுதியது.

கேரளத்தில் காசர்கோடு அருகே உள்ள எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி. நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து அவர் போட்ட வழக்கு, இந்தப் பெரிய கேள்வியையும் இழுத்துக்கொண்டு வந்தது. சுப்ரீம் கோர்ட்டில் 13 நீதிபதிகள் விசாரித்தார்கள். அவர் பக்கம் நானி பல்கிவாலா வாதாடினார். 1972 அக்டோபர் 31-ந் தேதி தொடங்கிய வாதம் 68 நாள் நடந்தது. 'அமெண்ட்மெண்ட்' என்ற சொல்லின் வீச்சு எவ்வளவு? இதற்காக அகராதிகளும் அயல்நாட்டுச் சட்டங்களும் புரட்டப்பட்டன.

1973 ஏப்ரல் 24-ந் தேதி தீர்ப்பு வந்தது. 7 பேர் ஒரு பக்கம், 6 பேர் மறுபக்கம். "பாராளுமன்றம் எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது" என்பது முடிவு. திருத்தம் என்றால் பழைய சட்டம் தன் அடையாளத்தோடு பிழைத்திருக்க வேண்டும் என்று நீதிபதி எச். ஆர். கன்னா விளக்கினார்.

நெருக்கடி நிலையின்போது, 1976-ல், 42-வது திருத்தம் மக்களவையின் ஆயுளை 5 ஆண்டிலிருந்து 6 ஆண்டாக்கியது. 1978-ல் 44-வது திருத்தம் அதை மீண்டும் 5 ஆண்டாக்கியது. இது திரும்பக்கூடிய மாற்றம். அடிப்படை அமைப்பு ஒருமுறை இடிந்திருந்தால், அதைத் திரும்பக் கட்டுவது யார் கையில் இருந்திருக்குமோ!

எந்த மாற்றமானாலும் அதைக் கொண்டுவருகிறவர்கள் அதற்கு ஓர் அழகான பெயர் வைப்பார்கள். 'ரிபார்ம்' என்பார்கள், 'அமெண்ட்மெண்ட்' என்பார்கள். பெயரைக் கேட்டுத் தலையாட்டும் முன்பு குடிமகன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். என்ன மாறுகிறது? எந்தப் பக்கம் மாறுகிறது? பிசகிப்போனால் திரும்ப வழி உண்டா?

இந்த மூன்றையும் கேட்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.