உஷார்! பேட்டரி உப்பினால் செல்போனை உடனே அணையுங்கள்

உங்கள் செல்போனின் பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? மேஜையில் மல்லாக்க வைத்து விரலால் தட்டினால் பம்பரம்போலச் சுற்றுகிறதா? பேட்டரி உப்பிவிட்டது. முதலில் போனை அணையுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

"கொஞ்சம் உப்பியிருக்குதுங்க, ஆனா நல்லாத்தான் ஓடுது. அடுத்த மாசம் மாத்திக்கலாங்களா?" கோடை வந்தால் சேலம், நாமக்கல் ரிப்பேர் கடைகளில் இந்தப் பேச்சு சகஜம். மூடி கழன்று விழாமல் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. அடுத்த மாதம்வரை அது தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

லித்தியம் அயான் பேட்டரிக்குள் இரண்டு மின்தகடுகளும், அவை ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாளும், எளிதில் தீப்பற்றும் திரவமும் இருக்கின்றன. பழசான பேட்டரியில் சூடும் சேர்ந்தால் திரவம் சிதைந்து வாயுவாகும். உப்பலுக்குக் காரணம் அந்த வாயுதான். தாள் எங்காவது கிழிந்து தகடுகள் தொட்டுக்கொண்டால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட். அந்தச் சூடு மேலும் சூட்டைக் கிளப்ப, சில நொடிகளில் தீ. 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 புத்தம்புதுசாகவே எரிந்தது. பேட்டரிக்குள் தகடு வளைந்ததும் வெல்டிங் பிசிறும்தான் காரணம். அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். புதுசுக்கே அந்தக் கதி.

நம் வெயிலோ ஏப்ரல், மேயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. 45 டிகிரிக்கு மேல் சூடேறிய பேட்டரியைப் பொதுவாக சார்ஜ் செய்யவே கூடாது. வெயிலில் நிற்கும் லாரி கேபினுக்குள் அந்தச் சூட்டை எட்ட வெகுநேரம் ஆகாது. நாமக்கல் லாரி, திருச்செங்கோடு ரிக் வண்டி ஓட்டுகிற அண்ணன்களே, முன்கண்ணாடி ஓரம் ஹோல்டரில் மேப்பும் சார்ஜும் ஒன்றாக ஓடவிடாதீர்கள். சாப்பிட இறங்கினால் போனைக் கையோடு எடுத்துப் போங்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்கூடங்களை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. ஜன்னல் திண்டில் பஞ்சுத் தூசி படிந்திருக்கும், அதன்மேலேயே போன் சார்ஜில் கிடக்கும். ஒரு பொறி போதும்.

இரவில்தான் ஆபத்து அதிகம். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த புது மின்சார ஸ்கூட்டர் எரிந்து, தந்தையும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். அது பெரிய பேட்டரி, உண்மைதான். ஆனால் தலையணைக்கு அடியில் சார்ஜில் கிடக்கும் போனுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லையே! மெத்தை பற்றினால் புகைக்குப் போன் தீயா, ஸ்கூட்டர் தீயா என்று தெரியாது. விழித்திருக்கும்போதே சார்ஜ் போடுங்கள், தரையிலோ கல் மேடையிலோ வைத்து. தெருவில் விற்கும் சார்ஜரை வாங்கும்முன் அதில் R என்று தொடங்கும் பிஐஎஸ் பதிவெண் இருக்கிறதா பாருங்கள். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைச் சரிபார்க்கலாம்.

மீறிப் புகைந்தால்? 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில் பைகள் வைக்கும் பெட்டியில் ஒரு செல்போன் புகைந்தது. பணிப்பெண்கள் தீயணைப்பான் அடித்துவிட்டு, போனைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டார்கள். தண்ணீர் சூட்டை இறக்கும். வீட்டில் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள், பிறகு தள்ளி நின்று தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். வெறுங்கையால் எடுக்காதீர்கள், அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள். தீ பரவினால் எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.

உப்பிய பேட்டரியை ஊசியால் குத்தி வாயுவை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குத்தினால் கையிலேயே பற்றிக்கொள்ளும். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் எரிவது தூய்மைப் பணியாளரின் கை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்கின்றன 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள்.