பழைய வீடும் பெண் பாகமும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில், திருவள்ளூரைக் கடந்து சில ஸ்டேஷன்களுக்கு அப்பால் இருப்பது மணவூர். 1856ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியன்று, தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கி ஓடிய பாதை இதுவே. சோழர் காலத்துச் சாஸனங்களில் மணவில் என்று வழங்கி, ஒரு கோட்டத்துக்கே பெயர் தந்த ஊர் இந்த மணவூர்தான் என்று சரித்திர ஆராய்ச்சியாளர் கூறுவர். ஒரு பக்கம் திருவாலங்காட்டு ரத்தின சபை, சற்றுத் தொலைவில் திருத்தணி மலை, அதற்கப்பால் ஆந்திர எல்லை. பட்டணத்துக்குப் போய்வரலாம்; ஆயினும் பட்டணத்து இரைச்சல் எட்டாது. இத்தகைய ஊர்களில் 1950க்குச் சற்று முன்னும் பின்னுமாகக் கட்டப்பட்ட வீடுகள் கைமாறி வருவதையும், அந்த வியாபாரத்தில் நடைபெறும் ஒரு பெரிய அநீதியையும் பற்றியே இன்று நாம் எழுத முற்படுகிறோம்.

விற்பவர் யார், வாங்குபவர் யார் என்பதை நேயர்கள் அறிவார்கள். வீட்டைக் கட்டிய பெரியவர் காலஞ்சென்று வெகு நாளாகிவிட்டது. புதல்வர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த தேசங்களிலும் உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டனர். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வரி கட்டுவதும், மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்றுவதும் அவர்களுக்குச் சுமையாகத் தோன்றுகின்றன. வாங்க வருபவரோ, சென்னையில் ஓர் அடுக்குமாடிப் பகுதிக்குக் கொடுக்க வேண்டிய விலையில் சிறு பங்குக்கு இங்கே மரமும் கிணறும் உள்ள மனை கிடைக்குமென்று கேள்விப்பட்டு வருகிறார். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர எல்லையை 2022இல் சர்க்கார் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தனர். பட்டணத்தின் நிழல் இவ்வாறு நீளும்போது, அந்நிழலுக்கு முன்னால் தரகர் நடந்து வருவது இயல்பே.

தரகரின் பேச்சில் வீடு என்பதே கிடையாது. மனை ஒன்றுதான் உண்டு. இத்தனை சென்ட், சென்ட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுவிட்டு, வீட்டை இடிக்கும் கூலியையும் அதிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்லுவார். இது சரியான மதிப்பீடு அன்று என்பது நமது அபிப்பிராயம். அக்காலத்தில் ஒரு வீட்டைக் கட்டி முடிப்பது எளிய காரியமாக இருக்கவில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் பர்மாத் தேக்கு வரத்து நின்றுபோயிற்று. யுத்த காலத்திலும் அதற்குப் பின் சில வருஷங்களிலும் சிமெண்டு கட்டுப்பாட்டுச் சரக்கு. ஆகவே சுண்ணாம்பைக் கொண்டே சுவர் எழுப்பினார்கள். விட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சாந்திட்டு அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, நாட்கணக்காக மரக்கட்டையால் அடித்து இறுக்கிப் போட்ட மெட்ராஸ் டெர்ரஸ் என்னும் தளம் எழுபது வருஷம் கழிந்தும் கோடையில் கூடத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. தரையில் கடப்பைக் கல், வாசலில் திண்ணை, நடுவே முற்றம். இவற்றுக்கு விலை இல்லையென்று சொல்பவர், புதிதாக இவற்றைச் செய்து பார்க்கட்டும்.

அதற்காகப் பழைய வீடெல்லாம் பொன் என்று நாம் கூறவில்லை. வாங்குபவர் சுவரின் வண்ணத்தைப் பார்ப்பதை விட்டு, விட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஈரமும் கறையானும் முதலில் பற்றுவது அங்கேதான். ஓர் ஆணியால் குத்திப் பார்த்தால் மரத்தின் நிலை தெரிந்துவிடும். மேலும், சுண்ணாம்புச் சுவருக்குப் பிற்காலத்தில் சிமெண்டுப் பூச்சு பூசியிருந்தால், சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று, உப்புப் பூத்துப் பூச்சு உதிரத் தொடங்கும். இக்குற்றத்தைப் பழைய கொத்தனார்மீது சுமத்துவது நியாயமாகாது.

மரமும் சுவரும் போகட்டும். வீட்டைக் காட்டிலும் பழுதுபட்டிருப்பது பெரும்பாலும் பத்திரமே. பத்திரம் இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. 1905இல் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், ராஜேந்திர சோழன் பழையனூர் என்னும் கிராமத்தைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குத் தானம் செய்ததைக் கூறும் சாஸனமாகும். ஏடுகள் 31. ஒரு கிராமம் கைமாறியதற்கு அக்காலத்து அதிகாரிகள் எல்லை சுற்றி வந்து இத்தனை செம்பில் வெட்டி வைத்தார்கள். இன்றோ ஒரு வீடு கைமாறும்போது மூலப்பத்திரம் எங்கே என்று கேட்டால், பெட்டியில் இருந்தது, கறையான் தின்றுவிட்டது என்ற பதில் வருகிறது.

திருத்தணி தாலுகாவில் 1950ஆம் வருஷம் ஒருவர் வீடு கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அத்தாலுகா சென்னை ராஜ்யத்தில், 1911இல் ஏற்பட்ட சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் முதல் தேதி அவர் வீடு ஆந்திர ராஜ்யத்துக்குள் போயிற்று. 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசத்துக்குள் போயிற்று. எல்லைப் போராட்டத்தின் பயனாகவும் படாஸ்கர் அளித்த தீர்ப்பின் பயனாகவும் 1960 ஏப்ரல் முதல் தேதி மீண்டும் சென்னை ராஜ்யத்துக்கு வந்து, செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்தது. 1969இல் ராஜ்யத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. 1997இல் திருவள்ளூர் தனி ஜில்லாவாயிற்று. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திராமலேயே இத்தனை ராஜ்யங்களுக்கு விலாசம் மாறினார்! ம.பொ.சி. முதலிய தலைவர்கள் நடத்திய அந்தப் போராட்டத்தின் சரித்திரம் நம்மவருக்குத் தெரியும். ஆனால் அந்தச் சரித்திரம் ஒவ்வொரு வீட்டின் பத்திரத்திலும் பதிந்திருக்கிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. தெலுங்கில் எழுதிய மூலப்பத்திரம் கைக்கு வந்தால் வாங்குபவர் மிரள வேண்டியதில்லை. தெலுங்கு தெரிந்த வக்கீலிடம் காட்டினால் போதும். இன்னும் ஒன்று. திருத்தணியைச் சுற்றிய கிராமங்கள் பல கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்திருந்தவை. 1948ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முன்பு ஜமீன் கணக்கும், பின்பு சர்க்கார் கணக்கும் ஆக, சர்வே நம்பர்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை ஆராய்வது அவசியம். கிராம நத்தத்தில் கட்டிய வீடானால், அனுபவமே மூலம். பட்டா பின்னால் வந்தது.

இவ்வளவையும் ஆராய்ந்து, வில்லங்கச் சான்றும் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று வாங்குபவர் நிம்மதி அடைகிறார். பொதுவாக 1975 முதலுள்ள பதிவுகளைக் கணினியிலேயே பார்த்துவிடலாம். முற்பட்டவற்றுக்கு சார்பதிவாளர் ஆபீஸில் பழைய புத்தகங்களைப் புரட்டச் செய்ய வேண்டும். ஆனால் வில்லங்கச் சான்று காட்டுவது பதிவான நடவடிக்கைகளை மாத்திரமே. ஒரு வீட்டில் பெண்ணாகப் பிறந்தவளின் பாத்தியதை எந்தப் பதிவுப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. சான்றில் வில்லங்கம் ஏதுமில்லை என்றிருக்கும். கும்பகோணத்திலோ குண்டூரிலோ வாழ்க்கைப்பட்ட சகோதரி ஒருத்தி அந்த வீட்டில் சரிபாதி உடையவளாக இருப்பாள்.

இந்தப் பாத்தியதை ஒரே நாளில் வந்ததன்று. 1937ஆம் வருஷத்துச் சட்டம் விதவைக்குப் புருஷன் சொத்தில் ஆயுள்கால அளவில் ஒரு பங்கு தந்தது. மகளுக்கு ஒன்றும் தரவில்லை. ஹிந்து சட்ட மசோதா நிறைவேறாமல் இழுபட்டதே 1951இல் டாக்டர் அம்பேத்கர் மந்திரி பதவியைத் துறந்ததற்கு முக்கிய காரணமாயிற்று. 1956இல் வந்த வாரிசுச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று விதித்தது. விதவையின் ஆயுள்கால உரிமையையும் பூரண உரிமையாக்கிற்று. ஆனால் அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடித்து வைத்தது. குடும்பம் குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண்கள் தாமாகப் பிரித்துக்கொள்ள முன்வரும் வரையில் பெண்கள் பாகம் கேட்கலாகாது. மணமாகாத மகளும், விதவையும், புருஷனால் கைவிடப்பட்டவளும், பிரிந்து வாழ்பவளும் அங்கே தங்கலாம், அவ்வளவுதான். நஞ்சையில் பாகம் கேட்கலாம், பிறந்த கூடத்தில் கேட்கலாகாது என்ற இந்த விசித்திர நிலை ஏறத்தாழ ஐம்பது வருஷம் நீடித்தது.

பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே மகளுக்கும் பங்கு என்று ஆந்திரப் பிரதேசம் 1985 செப்டம்பர் முதல் சட்டம் செய்தது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் அவ்வாறு செய்தது. எனினும் அத்தேதிக்கு முன் மணமான பெண்களை விலக்கிவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் தேசம் முழுவதற்குமாக இந்தப் பேதம் நீங்கிற்று. 23ஆவது பிரிவும் ஒழிந்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே செய்து முடித்த விற்பனைகளையும் பாகப் பிரிவினைகளையும் மாத்திரம் சட்டம் தொடவில்லை. 2005இல் தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டும் என்பதுமில்லை என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கிவிட்டது. தம் சொந்தச் சம்பாத்தியத்தைத் தகப்பனார் உயிலால் யாருக்கும் எழுதலாம் என்பது வேறு விஷயம்.

சட்டம் இப்படியிருக்க, நடைமுறை எப்படி இருக்கிறது? விலை பேசி அச்சாரமும் வாங்கியான பிறகு, ஒரு நாள் சகோதரிக்குச் செய்தி வரும். “ஒரு கையெழுத்துதான், அக்கா, நீங்கள் வந்து போட்டுவிட்டால் போதும்.” அவள் வருவாள். போக வர வண்டி, மத்தியானம் சாப்பாடு, ஒரு புடவை, கையில் சிறு தொகை. சார்பதிவாளர் ஆபீஸில் அவள் கையெழுத்திடுவது விடுதலைப் பத்திரம் எனப்படும். தன் பாகத்தைச் சகோதரருக்கு விட்டுக்கொடுத்ததாக அது கூறும். மனப்பூர்வமாகவே விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. ஆனால் தன் பாகம் எவ்வளவு பெறும் என்றே அறியாமல், கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகுமோ என்ற பயத்தினால் இடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

கல்யாணத்தின்போதே சீர் செய்தாயிற்று என்பது சகோதரர்கள் வழக்கமாகக் கூறும் சமாதானம். மகனுடைய படிப்புக்கும் தகப்பனார்தாம் செலவு செய்தார். அதை அவன் பாகத்தில் யாரும் கழிப்பதில்லை. தாயாரைக் கடைசிக் காலத்தில் வைத்துக் காப்பாற்றியவன் நான் என்று ஒருவர் சொன்னால் அது கேட்கத்தக்க பேச்சு. அச்செலவைக் கணக்கிட்டு எல்லோரும் கூடித் தீர்த்துக்கொள்ளட்டும். அதற்காகப் பாகமே இல்லையென்பது செல்லாது.

பத்திரத்தில் எழுதும் விலை வேறு, கைமாறும் விலை வேறு என்ற வழக்கமும் இந்த அநீதிக்குத் துணை போகிறது. 2023 முதல் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 100க்கு 9 ரூபாய் ஆகிறது. அதைக் குறைக்கும் பொருட்டு சர்க்காரின் வழிகாட்டி மதிப்பையே விலையென்று எழுதி, மிச்சத்தை ரொக்கமாகக் கொடுக்கிறார்கள். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கலாகாது என்று 2015லேயே விதி வந்துவிட்டது. அதை மீறியே இது நடக்கிறது. சர்க்காருக்கு நஷ்டம் என்பது ஒரு புறமிருக்க, சகோதரிக்குப் பாகம் கொடுக்க நேர்ந்தாலும் எழுதிய விலையிலேயே கணக்குக் காட்டுகிறார்கள். ரொக்கம் வந்தது அவளுக்குத் தெரியாது. பெண்கள் பெயரில் வாங்கும் 10 லட்ச ரூபாய் வரையிலுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் ஒரு சலுகை உண்டு. வாங்குபவரின் மனைவி பெயரில் எழுதினால் லாபம் என்பதைத் தரகர் மறவாமல் எடுத்துச் சொல்லுகிறார். விற்பவரின் தங்கை பெயர் மட்டும் அவருக்கு ஞாபகம் வருவதில்லை!

சகோதரியை விட்டுவிட்டு வாங்கியவர் கதி என்ன? தனக்கு இல்லாததை விற்க ஒருவருக்கும் அதிகாரமில்லை. ஆகவே சகோதரர்களின் பாகமே அவருக்குக் கிடைக்கும். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பாகத்தை வாங்கிய அந்நியருக்கு மற்றப் பாகஸ்தரோடு கூடக் குடியிருக்கும் உரிமை இல்லை என்று 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டமே சொல்லியிருக்கிறது. அவர் பிரிவினை கேட்டு வழக்குத் தொடர்ந்தால், அவர் வாங்கிய பாகத்தை மதிப்புப் போட்டுக் குடும்பத்தாரே மீட்டுக்கொள்ள 1893ஆம் வருஷத்துப் பிரிவினைச் சட்டம் இடமளிக்கிறது. முழு விலை கொடுத்து அரை வீடும், அரை வீட்டுக்கு ஒரு வழக்கும் வாங்கியவர்களைத் தேட வேண்டுமானால், ஏதேனும் ஒரு ஜில்லாவின் முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் ஒரு காலை வேளை நின்றால் போதும்.

இதைப் படிக்கும் பொதுஜன ஊழியர்களுக்கு நாம் குறிப்பாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. ஊரில் பேர் பெற்றவர்கள் என்பதால் இத்தகைய பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்துக்கு உங்களைத்தான் அழைக்கிறார்கள். மணவூருக்கு அண்மையிலுள்ள அதே பழையனூரில், நீலியின் சொல்லை நம்பிச் செட்டியை அவளோடு அனுப்பி, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று வாக்களித்த வேளாளர் எழுபது பேரும், அவன் மாண்டது கண்டு தீப்பாய்ந்தனர் என்பது கதை. இன்றைய சாட்சியை யாரும் தீப்பாயச் சொல்லவில்லை. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, அது அந்த அம்மாளுக்குத் தெரியுமா என்று கேட்டால் போதும். பல இடங்களில் அதுவும் நடைபெறுவதில்லை. காப்பி வந்ததும் பேனா வருகிறது.

செய்யவேண்டிய முறை கடினமானதன்று. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் கண்ட அனைவரும், மகள்கள் உள்பட, கிரயப் பத்திரத்திலேயே விற்பவர்களாகச் சேரட்டும். விடுதலைப் பத்திரம் என்னும் குறுக்கு வழி வேண்டாம். உண்மை விலையை எழுதி, ஒவ்வொருவர் பங்கும் இவ்வளவு என்று பிரித்துக் காட்டி, அவரவர் பாங்கிக் கணக்கிலேயே செலுத்தட்டும். வெளிதேசத்திலுள்ளவர் அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அதில் தொகை யார் கணக்குக்குப் போகவேண்டும் என்பதும் தெளிவாக இருக்கட்டும். பணம் தம் முன்னிலையில் கொடுக்கப்பட்டாலும், பெற்றுக்கொண்டதாக எழுதிக்கொடுத்தவர் ஒப்புக்கொண்டாலும், அதைப் பத்திரத்தின்மேலேயே குறிக்க 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 58ஆவது பிரிவு பதிவதிகாரிக்கு இடமளித்திருக்கிறது. மணவூர் வீட்டை விற்க வந்த சகோதரி, தன் பங்குத் தொகை தன் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று தன் வாயால் சொல்லி, அது பத்திரத்தில் ஏறும் வரையில், வாங்குபவரும் சாட்சிகளும் அந்த ஆபீஸை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை.